யோசித்துத்தான் நாற்று நட்டோம், ஐயா

தோட்டக்கலை, வேளாண் விற்பனை அலுவலர்களுக்கும், அவர்கள் அனுப்பும் கோப்பில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்களுக்கும்,

போன மாதக் குறைதீர் கூட்டத்தில் தக்காளி விலையைப் பற்றிப் பேச எழுந்தேன். நான் முடிப்பதற்குள் மேடையிலிருந்து பதில் வந்துவிட்டது. "எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பயிரை வைத்தால் விலை எப்படிம்மா கிடைக்கும்? கொஞ்சம் யோசித்து முடிவெடுக்க வேண்டாமா?" சிலர் சிரித்தார்கள். மைக் அடுத்தவர் கைக்குப் போனது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாத பதிலை இப்போது எழுதுகிறேன். சொன்ன அலுவலரின் பெயர் இதில் வராது. இதே வார்த்தையை மண்டியிலும் கேட்டிருக்கிறேன், நகைக்கடன் வைக்கப் போன இடத்திலும் கேட்டிருக்கிறேன், டிவி விவாதத்திலும் கேட்டிருக்கிறேன். ஆனால் அரசு மேடையிலிருந்து வரும்போது அது வெறும் பேச்சாக நிற்பதில்லை. தப்பு விவசாயியின் மூளையில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை என்றாகிவிடுகிறது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைக்கும் நடுவில் ஒரு ஊர் எங்களுடையது. இரண்டே கால் ஏக்கர் கொல்லை, ஒரு போர்வெல். பி.காம். படித்தேன். படிப்பால் வேலை கிடைக்கவில்லை, கணக்கு எழுதும் பழக்கம் மட்டும் தங்கியது. பதினான்கு வருடமாக நாற்றுக்கூலி முதல் வண்டி வாடகை வரை நோட்டில் இருக்கிறது. இந்த மடலில் என் கொல்லையைப் பற்றி வரும் எண்கள் எல்லாம் அந்த நோட்டில் உள்ளவை.

2023ஆம் வருடத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த மே மாதம் தக்காளிக்கு விலையே இல்லை. என் கொல்லையில் அரை ஏக்கர் அப்போதுதான் பூ விட்டிருந்தது. மண்டியில் விலை கிடந்த கிடப்பைப் பார்த்தேன். இன்னும் இரண்டு மருந்து அடிக்க வேண்டும், குச்சி ஊன்ற வேண்டும், சணல் கட்ட வேண்டும். அதற்கு மேல் செலவு செய்தால் அதுவும் போகும் என்று கணக்குப் போட்டு, டிராக்டர் விட்டு உழுது போட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரர் மாமா முறை. அதே வாரம் நட்ட செடி அவருக்கும் இருந்தது. டிராக்டர் வாடகைக்குக் காசில்லாமல் அவர் அப்படியே விட்டுவிட்டார். ஜூன் கடைசியில் விலை ஏற ஆரம்பித்தது. ஜூலையில் சில்லறைக் கடையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அந்தச் செடியை வைத்துத்தான் மாமா மகளுக்குக் கல்யாணம் செய்தார். அவரிடமே கேட்டுப் பாருங்கள், "யோசிச்சு எல்லாம் விடலம்மா, முடியாம விட்டேன்" என்பார். யோசித்து முடிவெடுத்தவள் நான்தான்.

அப்புறம் ஜூலையில் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பணத்துக்கு வீட்டில் வளையல் இரண்டு இருந்தன. நாற்றுப்பண்ணையில் ஒருவர் ஆர்டர் சொல்லிவிட்டு எடுக்காமல் விட்ட நாற்றுக் குழித்தட்டுகள் இருப்பதாகத் தகவல் வந்தது. நாற்று ஒன்று ஒன்றரை ரூபாய் என்று 6,500 நாற்று வாங்கி, ஆடி பிறப்பதற்கு முன்பே ஒரு ஏக்கர் நட்டோம். மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட், உரம், மருந்து, குச்சி, கூலி எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. செப்டம்பர் நடுவில் முதல் பறிப்பு.

அந்தச் செப்டம்பரின் ஒரு மண்டிச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 38 கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி), கிரேடுக்கு 25 கிலோ, ஏலத்தில் போன விலை கிரேடு 100 ரூபாய். மொத்தம் 3,800. இதில் மண்டிக் கமிஷன் நூற்றுக்குப் பத்து, 380 ரூபாய். வண்டி வாடகை கிரேடுக்கு 20 ரூபாய் வீதம் 760. இறக்குகூலி 152. பறித்த பெண்கள் ஆறு பேருக்கு ஆளுக்கு 300 வீதம் 1,800. கையில் நின்றது 708 ரூபாய். 950 கிலோ தக்காளிக்கு 708 ரூபாய். கிலோவுக்கு முக்கால் ரூபாய்கூட வரவில்லை, அதுவும் நாற்றையும் உரத்தையும் கணக்கில் சேர்க்காமல். அடுத்த பறிப்புக்கு ஆள் கூப்பிடவில்லை. பழம் செடியிலேயே சிவந்து, வெடித்து, தரையில் ஒழுகியது. காலையில் சொட்டுநீர் வால்வைத் திறக்கக் கொல்லைக்குப் போனால் அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறும். ஒரு வாரம் போகாமலே இருந்தேன்.

மே மாதம் உழுதது தப்பா? ஜூலையில் நட்டது தப்பா? அன்றைக்கு என் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் இரண்டுமே சரியான முடிவுதான். என்னைப் போலப் பல்லாயிரம் பேர் அதே விலைப்பலகையைப் பார்த்து அதே கணக்கைப் போட்டார்கள். எல்லாரும் சேர்ந்து போட்டதால் எல்லாருடைய கணக்கும் பொய்த்தது.

என் மகள் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். ஒருநாள் அவள் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு கோடுகள் குறுக்கே போகின்றன, அவற்றுக்கு நடுவே ஒரு கோடு சுற்றிச் சுற்றிச் சிலந்தி வலை போல ஓடுகிறது. "அம்மா, இது நம்ம கொல்லை" என்றாள். இன்றைய விலையைப் பார்த்து இன்று முடிவெடுக்கிறோம். விளைச்சல் மூன்று மாதம் கழித்துத்தான் சந்தைக்கு வருகிறது. விலை ஏறியிருந்தால் எல்லாரும் வைக்கிறார்கள், வரத்து கூடி விலை விழுகிறது. விழுந்த விலையைப் பார்த்து எல்லாரும் விடுகிறார்கள், வரத்து குறைந்து மறுபடி ஏறுகிறது. இதற்குச் சிலந்தி வலைக் கோட்பாடு என்ற பெயரை 1934இல் நிக்கோலஸ் கால்டோர் என்பவர் வைத்திருக்கிறார். அதற்கும் முன்னால், 1928இல், ஆர்தர் ஹனாவ் என்ற ஜெர்மானியர் பன்றி விலை இப்படியே சில வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கணக்கெடுத்துக் காட்டினார்.

தொண்ணூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம் இது. பன்றி வளர்ப்பவர்களைப் பார்த்து யோசிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டு விடவில்லை. அமெரிக்காவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை பன்றி இருக்கிறது, இன்னும் எத்தனை ஈனப் போகிறது என்று அரசே கணக்கெடுத்து வெளியிடுகிறது. மக்காச்சோளம், சோயா போன்றவற்றுக்கு ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் விவசாயிகளிடம் "இந்த வருடம் எத்தனை ஏக்கர் போடப் போகிறீர்கள்" என்று கேட்டு, விதைப்புக்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அதைப் பார்த்து ஒருவர் கூட்டுகிறார், ஒருவர் குறைக்கிறார். அங்கே விவசாயி முடிவெடுக்கும்போது மற்றவர்கள் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதும் அவருக்குக் கொஞ்சமாவது தெரிகிறது.

எனக்கு என்ன தெரிகிறது? நேற்றைய விலை தெரிகிறது. அது ஒன்றுதான். அதே நேரத்தில் மண்டிக்காரர் காலையில் கர்நாடகத்துக் கோலாருக்கும் ஆந்திரத்து மதனப்பள்ளிக்கும் போன் போட்டு, அங்கே எத்தனை லோடு வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் ஏலத்துக்கு வருகிறார். விதைக் கம்பெனி ஏஜென்டுக்கு எந்த வட்டாரத்தில் எத்தனை பாக்கெட் போயிருக்கிறது என்று தெரியும். நாற்றுப்பண்ணைக்காரருக்கு அடுத்த மாதம் எத்தனை ஏக்கர் தக்காளி நடப்போகிறார்கள் என்பதே தெரியும், ஏனென்றால் நாற்றை 25 நாளைக்கு முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். சரக்கை வாங்குபவர், விற்பவர், கடன் கொடுப்பவர் எல்லாருமே எங்களைவிட ஒரு படி அதிகம் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்கிறார்கள். 90 நாள் முன்னதாக, முழுப் பணத்தையும் மண்ணில் போட்டுவிட்டு, எதுவும் தெரியாமல் நிற்பது நாங்கள் மட்டும்தான். மண்டி முன்பணம் வாங்கியவர்களுக்கு அந்த முடிவும் கையில் இல்லை. முன்பணம் தக்காளிக்கு என்றால் தக்காளிதான் வைக்க வேண்டும், அதே மண்டியில்தான் போட வேண்டும்.

மாற்றுப் பயிர் வையுங்கள் என்பீர்கள். வைத்தோம். சில வருடம் முன்பு ஒரு பயிற்சியில் சாமந்தி வைக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் அந்தப் பயிற்சிக்குப் போன நாற்பது பேரும் வைத்தோம். நாற்பது பேருடைய பூவும் ஒரே பத்து நாளில் சந்தைக்கு வந்தது. முடிவு உங்களுக்கே தெரியும். பயிர் மாறியது, குருட்டாட்டம் மாறவில்லை.

குளிர்பதனக் கிடங்கு இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். தக்காளி சில வாரத்துக்கு மேல் தாங்காது. விலை மூன்று மாதம் படுத்துக் கிடந்தால் கிடங்கு என்ன செய்யும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது, தக்காளிக்கும் வருகிறது. தேவையான வேலைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலையை மட்டும் சொல்லும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. வரும் மாதங்களில் நல்ல விலை கிடைக்கும் என்று சொன்னால், அதை நம்பி எல்லாரும் நடுவார்கள். நட்டதாலேயே அந்த விலை கிடைக்காமல் போகும். எங்களுக்கு விலையைவிட முதலில் வேண்டியது, எத்தனை நாற்று மண்ணில் இறங்கியிருக்கிறது என்ற எண்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "யோசித்து" என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்தியது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் 464 கரும்பு விவசாயிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாமல் கடனோடு இருக்கும்போது ஒருமுறையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒருமுறையும் அதே ஆட்களுக்கு அதே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் தெளிவாகச் செய்தார். காசில்லாத நாட்களில் தடுமாறினார். அறிவு கூடவோ குறையவோ இல்லை. கடன் மனதில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

இதைப் படித்தபோது என் ஜூலை மாத நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கங்களில் கூட்டல் இரண்டு இடத்தில் தப்பாக இருக்கிறது. பதினான்கு வருட நோட்டில் வேறெங்கும் அப்படி இல்லை. வட்டிக்கெடு, மகளின் கல்லூரிக் கட்டணம், வளையலை எடுத்ததை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது, இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டுதான் ஒரு லட்சம் ரூபாய் முடிவை எடுத்தேன். நாற்று சொல்லும் வாரம் எப்போதுமே கையில் காசில்லாத வாரம்தான். எங்கள் வருடத்திலேயே பெரிய முடிவு எங்கள் மனம் மிகவும் நெருக்கடியில் இருக்கும் நாளில்தான் வருகிறது. அந்த நாளில் உதவி வேண்டும்.

உங்களால் வேகமாக முடிவெடுக்க முடியாது என்று நான் நம்பவில்லை. முடியும் என்பதை 2023இலேயே பார்த்தேன். ஜூலை முதல் வாரமே சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி வந்தது. மத்திய அரசு டெல்லியில் 90 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்து, 80 ஆக்கி, 70 ஆக்கியது. ஆகஸ்டில் நேபாளத்திலிருந்து தக்காளி இறக்குமதி செய்வதாக நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார்கள். அந்த முடிவுகளை நான் குறை சொல்லவில்லை. என் தங்கை சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறாள், அவளும் அந்த ரேஷன் வரிசையில் நின்றவள். ஆனால் ஒன்றரை மாதத்தில் இத்தனை முடிவு எடுத்த அதே அரசுகளிடமிருந்து, செப்டம்பரில் என் 38 கிரேடு 100 ரூபாய்க்குப் போனபோது எங்கள் ஊருக்கு ஒரு முடிவுகூட வந்து சேரவில்லை. விலை ஏறினால் அது நாட்டின் பிரச்சினை, விழுந்தால் அது விவசாயி யோசிக்காததன் பலன் என்று ஆகிவிட்டது.

வழி இல்லாமலும் இல்லை. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கென்றே 2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. குறைந்தபட்ச ஆதார விலை இல்லாத பயிருக்கு விலை வழக்கத்தைவிடப் பத்து சதவீதமாவது விழுந்தால், மாநிலம் கேட்டால், நடைமுறைப்படுத்தலாம். 2025 பிப்ரவரியில் அதைத் திருத்தி, சரக்கைக் கொள்முதல் செய்யாமலே விலை வித்தியாசத்தை விவசாயியின் கணக்கில் போடவும் வழி செய்திருக்கிறார்கள். கேரளா 2020 நவம்பரில் 16 வகைக் காய்கறி, பழங்களுக்கு அடிப்படை விலை கொண்டுவந்தது, அப்போது தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய் வைத்தார்கள். 8 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் என் 950 கிலோவுக்கு அது 7,600 ரூபாய். ஏலத்தில் போனதற்கு நேர் இரண்டு மடங்கு. பறித்துக் கொடுத்த ஆறு பெண்களையும் அடுத்த நாள் கூப்பிட்டிருப்பேன்.

இனி நான் கேட்பது.

நாற்றுப்பண்ணைகளிடம் வாரம் ஒருமுறை கணக்கு வாங்குங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனை தக்காளி நாற்றுக்கு ஆர்டர் வந்திருக்கிறது, எத்தனை வெளியே போயிருக்கிறது என்ற இரண்டு எண், வட்டாரவாரியாக. பண்ணை பெயரோ விவசாயி பெயரோ வேண்டாம். அந்த எண்ணை உழவர் சந்தைப் பலகையிலும், மண்டி வாசலிலும், பஞ்சாயத்து அலுவலகத்திலும் எழுதிப் போடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். போன வருடம் இதே வாரத்தில் எவ்வளவு என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. கோலார், மதனப்பள்ளிப் பக்கத்து நடவுக் கணக்கையும் அந்த மாநில அலுவலர்களிடம் கேட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, எங்கள் விலையைப் பாதி அங்கேதான் தீர்மானிக்கிறார்கள்.

அப்புறம், விலை எந்த அளவுக்குக் கீழே, எத்தனை நாள் தொடர்ந்து கிடந்தால் சந்தைத் தலையீட்டுக்கான கோப்பை அனுப்புவீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். நாற்று சொல்வதற்கு முன்பே அது எங்களுக்குத் தெரிய வேண்டும். இப்போது நாங்கள் சாலையில் தக்காளியைக் கொட்டிப் படம் செய்தித்தாளில் வந்த பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. அதற்குள் பறிப்பு முடிந்துவிடுகிறது. சாலையில் கொட்டுவது எங்களுக்கும் அசிங்கமாக இருக்கிறது. விளைந்ததை மிதித்துப் பழகியவர்கள் இல்லை நாங்கள்.

பயிற்சிக் கூட்டங்களை அறுவடை முடிந்து பணம் கைக்கு வரும் வாரங்களில் வையுங்கள். கூட்டுறவுக் கடன் நாற்று சொல்லும் நாளைக்குள் கைக்கு வரும்படி செய்யுங்கள். மண்டி முன்பணம் இல்லாமல் நட முடிந்தால், எங்கே விற்பது என்ற முடிவாவது எங்களிடம் இருக்கும்.

"யோசிக்க வேண்டாமா" என்று மேடையில் சொன்னதை அதே மேடையில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் முதல்முறையாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான்கைந்து இளம்பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு நான் வருவேன், நோட்டோடு வருவேன். முந்தின வாரம் வரை எத்தனை தக்காளி நாற்று பண்ணைகளிலிருந்து போயிருக்கிறது என்ற எண்ணை நீங்கள் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த நடவுக்கு நான் நாற்று சொல்ல வேண்டிய நாள் அந்தக் கூட்டம் முடிந்து சரியாக ஆறாவது நாள்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருத்தி